காகிதம் நடக்காது

எங்க பெரியண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். மாத்திரை, மறுபடி வர வேண்டிய தேதி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: ‘தினமும் நடக்கவும். வீட்டிலேயே எளிய உடற்பயிற்சி செய்யவும்.’ எழுதின டாக்டர் சின்னப் பையன். வெளியே இன்னும் எண்பது பேர் நின்றார்கள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக யோசித்துக் கொண்டிருக்கிறேன். வீட்டிலேயே என்றால் எந்த வீட்டில்? நடக்கவும் என்றால் எந்தத் தெருவில்?

கேன்சர் பற்றி நம் பத்திரிகையில் என்ன பேச்சு, சாதி ஒழிப்புக்கும் குடல் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கணும்.

அண்ணனுக்கு நாற்பத்தி நாலு வயசு. கான்ட்ராக்டர் ஒருத்தரிடம் தினக்கூலி. வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலம் என்று அவராகவே முடிவு பண்ணிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ‘மூலம் பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று எழுதியிருக்கிற நாடு இது. ஒரு வருஷம் லேகியம். கடைசியில் மலக்குடலில் கட்டி என்று தெரிந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. முதலில் கரண்ட் வைத்தார்கள். 2024 கடைசியில் ஆபரேஷன். ஆசனவாயை மூடி, வயிற்றில் இடது பக்கம் ஒரு வழி திறந்து, பை மாட்டிவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் அந்தப் பைதான். அப்புறம் ஆறு மாசம் கீமோ. ஊரிலிருந்து அலைய முடியாது என்று வடக்குத்தில் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு அண்ணனையும் அண்ணியையும் கூட்டி வந்துவிட்டேன்.

முதல் மாசம் அண்ணன் பாயை விட்டு எழவில்லை. நாங்களும் எழ விடவில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: ‘ஓஞ்சு படுத்திரு, அலட்டிக்காத.’ அதை அன்பு என்றுதான் நினைத்தோம். படுக்கப் படுக்க அசதி கூடியது. கால் சூம்பியது. ராத்திரி தூக்கமில்லை. ‘என்னை எதுக்குடா பொழைக்க வெச்சீங்க’ என்று ஒருநாள் கேட்டார்.

அதற்கப்புறம்தான் அந்தச் சீட்டை மறுபடி எடுத்துப் படித்தேன்.

*

அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். பேங்க் குமாஸ்தா எனக்கு மருத்துவம் தெரியாது, எண்கள் தெரியும்.

2009ல் தொடங்கிய ஒரு ஆய்வு. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி நல்லது என்று சொல்லும் புத்தகம் கொடுத்து அனுப்பினார்கள். இன்னொரு பாதிக்குப் புத்தகத்தோடு ஒரு ஆளையும் கொடுத்தார்கள். முதல் ஒரு வருஷம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி இரண்டு வருஷம் மாசம் ஒருமுறை என்று மொத்தம் மூன்று வருஷம் அந்த ஆள் கூடவே இருந்து, என்ன பண்ணினீங்க, ஏன் பண்ணலை, எது தடுக்குது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சொன்ன பயிற்சி பெரிய வித்தை இல்லை. பழைய பழக்கத்துக்கு மேலே, வாரத்தில் மூன்று நாலு நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தாலே கணக்கு முடிந்தது.

முடிவு 2025 ஜூனில் வெளியானது. ஐந்து வருஷம் கழித்து நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள், ஆள் துணை கிடைத்த பக்கம் நூற்றுக்கு 80.3, புத்தகம் மட்டும் கிடைத்த பக்கம் 73.9. எட்டு வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் ஒரு பக்கம் 90.3, மறுபக்கம் 83.2. நூறு பேரில் ஏழு உயிர். ஒரு புது மருந்து இதைச் செய்திருந்தால் என்ன விலை வைத்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

நியாயமாகச் சொல்லணும். அது பெருங்குடல் நோய்க்காரர்களிடம் செய்த ஆய்வு. எங்க அண்ணனுக்கு மலக்குடல். அந்த எண்ணை அப்படியே எடுத்து அவருக்கு ஒட்ட முடியாது. நடந்தால் நோய் போய்விடும், கீமோ வேண்டாம் என்று எவனாவது சொன்னால் அவன் பழைய லேகியக்காரன்தான். பயிற்சி பண்ணினவர்களுக்குத் தசைவலி, மூட்டுவலி கொஞ்சம் கூடுதலாக வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் உயிர்க்கணக்கைத் தள்ளி வைத்தாலும் இன்னொன்று உறுதியாகியிருக்கிறது. 2019ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, அதுவரை வந்த ஆய்வுகளைப் பார்த்துச் சொன்னது: வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம் மிதமான பயிற்சி செய்தாலே புற்றுநோய்க்காரர்களுக்கு அசதி குறைகிறது, மனச்சோர்வும் பதற்றமும் குறைகிறது, தன் காரியத்தைத் தானே பார்க்கிற தெம்பு கூடுகிறது. சிகிச்சை நடக்கும்போதே செய்யலாம்.

நான் பிடித்துக்கொண்டது வேறொரு விஷயத்தை. அந்த ஆய்வில் இரண்டு பக்கத்துக்கும் காகிதம் கிடைத்தது. வித்தியாசம் கூட வந்த ஆள். எங்க அண்ணனுக்குக் கிடைத்தது காகிதம் மட்டும். இந்த நாட்டில் நமக்குக் காகிதத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இல்லை. சட்டம் காகிதத்தில், இடஒதுக்கீடு காகிதத்தில், பட்டா காகிதத்தில். காகிதம் தானாக நடக்காது.

*

வடக்குத்தில் அண்ணனை எழுப்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே. கட்டிலில் உட்கார்ந்தபடி கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது. மூச்சை மெதுவாக இழுத்து விடுவது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது. முதல் நாள் மூன்று தடவைதான் முடிந்தது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பது. ஐந்து நிமிஷம், அப்புறம் உட்கார்ந்துவிடணும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

பை வைத்தவர்கள் முதலில் பையைக் காலி பண்ணிவிட்டுத்தான் தொடங்கணும். ஆபரேஷன் ஆன முதல் இரண்டு மூன்று மாசம் தண்ணீர்க்குடம், அரிசி மூட்டை, பிள்ளை எதையும் தூக்கக்கூடாது; பை இருக்கிற இடத்தில் குடல் பிதுங்கிவிடும். எப்போது வெயிட் தூக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளணும். காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி, ரத்தம், விடாத வாந்தி எது இருந்தாலும் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

மூன்றாம் வாரம் வெளியே கூட்டி வந்தேன். வடக்குத்து எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கும்பகோணம் ரோட்டோரம் நாலா திசையிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் ஒட்டிக்கொண்ட இடம். பக்கத்தில் டவுன்ஷிப், வட்டம் வட்டமாகப் பிரித்த அகலத் தெருக்கள், மரநிழல். விடிகாலையில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக நடக்கிறார்கள். யார் என்ன சாதி என்று நெற்றியில் எழுதி ஒட்டவில்லை. பேன்ட் சட்டை போட்டு, சட்டையை வெளியே விட்டால் பையும் தெரியாது. நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். முதல் நாள் இருநூறு அடி. மூன்று மாசத்தில் அரைமணி நேரம் நிற்காமல் நடந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப் ஏறுகிற நாட்களில் வாசல் வரைக்கும்தான். மற்ற நாளில் டீக்கடை வரை போய், சூடாக ஒரு டீ குடித்து, பேப்பர் பார்த்து, அரசியல் பேசிவிட்டு வருவார். ராத்திரி தூங்கினார். செத்துப்போகிற பேச்சு நின்றது.

கீமோ முடிந்து 2025 ஆடி கழித்து ஊருக்குப் போனார். விருத்தாசலம் பக்கத்துக் கிராமம், பேர் வேண்டாம். ஒரு மாசம் கழித்துப் பார்க்கப் போனேன். மறுபடி பாயில்.

*

‘ஏண்ணே நடக்கலையா?’

‘எங்கடா நடக்கறது?’

தொகுப்பு வீடு. ஒரு அறையில் ஐந்து பேர். வாசலில் இறங்கினால் சாக்கடை. சேரித் தெரு எண்ணி நூற்றியிருபது அடி. அதற்கு அப்பால் முள்ளுக்காடு. நிழலும் சமதரையும் இருக்கிற ஒரே பாதை ஊர்த்தெரு வழியாக ஏரிக்கரைக்குப் போகிற தார் ரோடு. அரசாங்கம் போட்ட ரோடுதான், எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனால் அதில் செருப்புப் போட்டுக்கொண்டு, வேலை வெட்டி இல்லாமல், காற்று வாங்க நடந்து போன சேரி ஆள் என்று ஒருத்தர் இதுவரை இல்லை. வேலைக்குப் போகலாம், பிணம் தூக்கிப் போகலாம். சும்மா நடக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்க அண்ணன் வாங்கின கீமோ மருந்து நரம்பைத் தாக்குகிற ஜாதி. பாதம் மரத்துப் போய்விடும். முள் ஏறினாலும் தெரியாது, சுடுதார் சுட்டாலும் தெரியாது. டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது: ‘வெறுங்காலோட ஒரு அடி வைக்கக் கூடாது.’ மருத்துவம் செருப்பைப் போடு என்கிறது. ஊர் செருப்பைக் கழற்று என்கிறது. நடுவில் ஒரு நோயாளி பாயில் படுத்திருக்கிறார். இதற்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட தோழருக்கு இதுதான் பதில்.

பொதுச் சாலையில் எல்லாரும் நடக்கலாம் என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் நிறைவேற்றியது 1924. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியதும் அதே 1924. நூறு வருஷம் தாண்டிவிட்டது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்துத் தொடங்கி வைத்தது. நல்ல காரியம், வரவேற்போம். சேரியிலிருந்து ஏரிக்கரைக்குப் போகிற அரை கிலோமீட்டரை எந்தத் திட்டத்தில் சேர்ப்பது?

*

பையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. அண்ணன் வெளியே வராததற்கு ஊர்த்தெரு பாதிக் காரணம். மீதி வயிற்றில் தொங்குகிறது.

பீயை வைத்துத்தான் இந்த நாட்டில் மனுசனைப் பிரித்தார்கள். அடுத்தவன் பீயை நம் தலையில் ஏற்றி, அதையே காட்டி நம்மை அசிங்கம் என்றார்கள். 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம் போட்டும் மலக்குழியில் நம் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு தலித் தன்னுடைய மலத்தைப் பையில் மாட்டிக்கொண்டு தெருவில் வரணும் என்றால் அவன் மனசில் என்னென்ன ஓடும்? நாற்றம் அடிக்குதா, நாற்றம் அடிக்குதா என்று அண்ணியைப் பத்து தடவை கேட்பார். அடிக்காது. சரியாக ஒட்டின பையிலிருந்து ஒரு வாசனையும் வராது. அவருக்கு அடிப்பது ஊர் அவர் மேல் பூசிவிட்ட பழைய நாற்றம்.

எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான் அவர் பையில் இருக்கிறது. ஆண்டை வயிற்றிலும் அதேதான். இவருடையது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார்.

பேங்கில் கூட வேலை செய்கிற ஒருத்தர் அனுதாபத்தோடு சொன்னார்: ‘உங்க ஆளுங்க சாப்பாட்டுப் பழக்கம் சார், அதான் குடல்ல வருது.’ மாட்டுக்கறியைச் சொல்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல் சொன்னது என்ன? பதப்படுத்திய இறைச்சி இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. செங்கறி அநேகமாக உண்டாக்கலாம். செங்கறி என்றால் மாடு மட்டுமில்லை, ஆடும் செங்கறிதான், பன்றியும் செங்கறிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடை வரிசையில் நிற்கிற அவர்களிடம் யாரும் போய் இதைச் சொல்வதில்லை. அதே போலச் சாராயமும் புகையும் உடம்பு அசையாமல் உட்கார்ந்தே இருப்பதும் இந்த நோய்க்குக் காரணங்கள். கறியை அளவோடு சாப்பிடணும் என்பது எல்லாருக்கும் பொது. அதைச் சாதி வசவாக மாற்றினால் மட்டும் பதில் சொல்லியாகணும்.

*

இனி நம் பக்கத்துக் குறை. இயக்கத்தில் இருக்கிற ஒரு தோழரிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தார். ‘காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மம்முட்டி பிடிக்கிறவனுக்கு எக்சர்சைஸா? அதெல்லாம் தொப்பை வச்சவன் சமாச்சாரம்.’ நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினேன். இது தப்பு. கூலிவேலையில் உடம்பு அசைகிறது உண்மை. ஆனால் எப்போது நிறுத்தணும், எவ்வளவு தூக்கணும், எப்போது தண்ணி குடிக்கணும் என்பதை முடிவு பண்ணுகிறவன் வேறொருத்தன். இந்தப் பாரவேலைக்கு ஓய்வுநேரப் பயிற்சியின் பலன் கிடைப்பதில்லை, சில சமயம் கெடுதலாகவே முடிகிறது என்று டென்மார்க்கில் தொழிலாளர்களை வைத்து ஆராய்ந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். உழைப்பு அடுத்தவனுக்குப் போகிற அசைவு. பயிற்சி நமக்காக நாம் அசைகிற அசைவு. தன் உடம்புக்காக அரைமணி நேரம் ஒதுக்குகிற உரிமை நமக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அதனால்தான் அது நமக்குக் கேலியாகத் தெரிகிறது.

பெண்களுக்கு இந்தக் கேலி இன்னும் மோசம். ‘வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்தானே’ என்கிறோம். இதே நோய் அண்ணிக்கு வந்திருந்தால், காலையும் மாலையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக எங்க அண்ணன் வந்திருப்பாரா? நான் வந்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால் சந்தேகம்தான். தையல் பிரிவதற்குள் அடுப்படிக்கு அனுப்பியிருப்போம்.

அம்பேத்கர் சர்க்கரை நோயோடும் கால்வலியோடும் கடைசி வருஷங்களைத் தள்ளினார். 1948ல் அவர் திருமணம் செய்துகொண்ட சவிதா ஒரு மருத்துவர். தன் உடம்பைப் பார்த்துக்கொண்டால்தான் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் அவருடைய சிலைக்கு மாலை போடுகிறோம். நம் தோழர்களின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விசாரிப்பதில்லை.

என்ன செய்யலாம்? 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று தொடங்கினார்களே, அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும், முற்றிய நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்வதும் சேர்ந்திருக்கிறது. எந்த ஆட்சி வந்தாலும், என்ன பேர் வைத்தாலும், அது சேரிக்குள் வரணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். எங்க தெருவில் கேன்சர் ஆபரேஷன் ஆனவர் இருக்கிறார், பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் எப்போது வரும் என்று எழுதிக் கேளுங்கள். பை தருவார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள். கழுவிக் கழுவி ஒரே பையை நாட்கணக்கில் ஓட்டுகிற கொடுமை போதும்.

அரசாங்கம் வருகிறவரைக்கும் நாம் போகலாம். கேரளத்தில் 1993ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வேலையைப் பிறகு சாதாரண ஜனங்கள் கையில் எடுத்தார்கள். மாணவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாம் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, தெருவில் படுத்துக் கிடப்பவர்களைப் போய்ப் பார்த்தார்கள். 2008ல் அங்கே அரசே அதற்கொரு கொள்கை வகுக்க வேண்டி வந்தது. நம்மிடம் இரவுப் பாடசாலை இருக்கிறது, மன்றம் இருக்கிறது, லீவுக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: கூட நடக்க ஆள்.

போன மாசம் எங்க ஊரில் இரவுப் பாடசாலை நடத்துகிற மூன்று பையன்களிடம் பேசினேன். இப்போது வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து அண்ணனைக் கூப்பிடுகிறார்கள். நாலு பேரும் செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக ஏரிக்கரை வரை போய்த் திரும்புகிறார்கள். முதல் இரண்டு நாள் திண்ணையில் இருந்தவர்கள் முறைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கிழவர், ‘எங்கடா ஊர்வலம்?’ என்று கேட்டாராம். ‘டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு பெரியவரே’ என்றிருக்கிறார் அண்ணன். கிழவர் ஒன்றும் பேசவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அதனால்தான் நாலு பேர்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒருத்தர் படுத்திருப்பார். கையில் காகிதம் இருக்கும். போய்க் கூப்பிடுங்கள். செருப்பை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.